பக்கத்தில் இருப்பதோடு சேர்

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து கம்ப்யூட்டருக்கு ஒரு புது மொழி செய்துகொண்டிருந்தோம்; ஓரிரு ஆலைகள் அதைப் பயன்படுத்தவும் தொடங்கியிருந்தன. ஒரு காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று நாற்பது நாள் சண்டை போட்டவர்கள். வெளியாள் பார்த்திருந்தால் வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பான். எங்கள் ஆசிரியை ஹாஜிரா. வாதத்தில் தோற்றவர் போர்டைத் துடைக்க வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம்.

மாணவர்களில் மூத்தவர் பொன்னுதுரை. ஆசிரியையைவிடப் பத்து வயது பெரியவர். அவர் ஒருநாளும் போர்டைத் துடைத்ததில்லை. அவ்வளவு வாய்.

அன்று காலை கையில் ஒரு தாளோடு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சர், ஒரு தோல் ஆலையில சாவு. நம்ம மொழியில எழுதின புரோகிராம்."

ஹாஜிரா தாளை வாங்கவில்லை. "படிங்க சார்."

தோலை ஊறப்போட்டுச் சுற்றுகிற பெரிய டிரம் அது. அவர் படித்தார்.

"கதவு மூடியிருந்தால், பொத்தானை அழுத்தினால், டிரம்மைச் சுற்று. இல்லையென்றால் பிரேக்கைப் போடு."

"சரி. என்ன ஆச்சு?"

"நிபந்தனை ரெண்டு, 'இல்லையென்றால்' ஒண்ணு. எழுதினவர் அதைக் கதவோட சேர்த்து நெனச்சிருக்கார். கதவு திறந்திருந்தா பிரேக் விழணும்னு. நம்ம விதி அதைப் பக்கத்துல இருக்கிற பொத்தானோட சேர்த்துடுச்சு. கதவு மூடியிருந்த வரைக்கும் எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு, யாருக்கும் சந்தேகமே வரலை. நேத்து முனிரத்தினம்னு ஒருத்தர் கதவைத் திறந்து கழுவ உள்ளே இறங்கியிருக்கார். பிரேக் இல்ல. டிரம் உருண்டுடுச்சு."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"விதி என்னுது," என்றார் பொன்னுதுரை. "ஆனா விதிப் புத்தகத்துல நாற்பத்தோராம் பக்கத்துல தெளிவா எழுதியிருக்கேன். படிக்காம விட்டது புரோகிராம் எழுதினவர் தப்புதானே? ஆலைக்காரங்க நம்ம பேரைச் சொல்லிட்டாங்க. முனிரத்தினத்தோட மனைவி என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான் என்னன்னு சொல்றது டீச்சர்?"

ஹாஜிரா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நான்தான் அந்தம்மா. சொல்லுங்க."

பொன்னுதுரை விதியை விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார், அதில் அவரை அடிக்க ஆளில்லை.

"எனக்கு அதெல்லாம் புரியலை சார். புரோகிராம் எழுதினவர் எதை நெனச்சு எழுதினார்னு மெஷினுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரியலேன்னா நின்னு கேக்காதா?"

"கேக்க வைக்கலாம். ரெண்டு விதமா படிக்கலாம், எதுன்னு சொல்லுன்னு நிறுத்த வைக்கலாம்."

"இது உங்கள்ல யாருக்கும் தோணலையா?"

பொன்னுதுரை தாளை மடித்தார். பிரித்தார்.

"தோணுச்சு. அற்புதமேரின்னு ஒரு பொண்ணு சொன்னா. மூணு நாள் ஒத்தையா நின்னு சொன்னா."

"அப்புறம்?"

"விதிப் புத்தகம் பதினோரு வரி நீளும்னு சொன்னேன். பார்க்கவே அசிங்கமா இருக்கும்னு சொன்னேன். எழுதத் தெரியாதவனுக்கெல்லாம் நாம நடைவண்டி செஞ்சு கொடுக்கணுமான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ போர்டைத் துடைச்சுட்டுப் போனா. அப்புறம் வரவே இல்ல."

அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். பாவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"இதை எப்படி டீச்சர் நான் அந்தம்மா முகத்தைப் பார்த்துச் சொல்வேன்?"

ஹாஜிரா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க பாதி சொல்லுங்க சார். மீதியை நான் சொல்றேன். அன்னைக்கு முதல்ல சிரிச்சது நான்தான்."