கவட்டையில் விட்ட இடம்

“வெளியே வாங்க, மூடப்போறேன்” என்று சொல்லிக்கொண்டே குளவி மண்ணைக் குழைத்தது.

எல்லா உயிரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. முதல் பெண்ணின் உடல் தயாராகிவிட்டது. மண்டையை மட்டும் மூட வேண்டும். உள்ளே ரத்தக் குழாய்களுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த சிலந்திகள் இருவரும் வெளியே வந்தார்கள். மூத்தவள் சடைச்சி, இளையவள் பூவாயி. ஓரகத்திகள்.

கழுத்திலிருந்து ஏறிய குழாய் மூளைக்கு அடியில் இரண்டாகப் பிரிந்தது. ஆளுக்கொரு கிளை. இருவரும் நுனியில் தொடங்கி, குழாய் பிரிகிற கவட்டையை நோக்கிச் சுற்றி வந்திருந்தார்கள்.

குளவி மூடியது. மண் எலும்பாக இறுகியது. இதயம் அடிக்கத் தொடங்கியது.

“கவட்டையை நல்லா இறுக்கிச் சுத்தினீங்களாக்கா?” என்றாள் பூவாயி.

“நானா? கடைசிச் சுத்து உனக்குன்னுதானே விட்டுட்டு வந்தேன்.”

“நீங்க போடுவீங்கன்னு நானும் விட்டுட்டேன்.”

கடைசிச் சுற்றுப் போடுகிறவளுக்கே வலை சொந்தம் என்பது சிலந்திகளின் வழக்கம். அதை வைத்துச் சண்டை போட்டுத்தான் இருவரும் மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். சமாதானமாகி நாலு நாள்தான் ஆகிறது.

“பேசாம சண்டையே போட்டிருக்கலாம்” என்றது குளவி.

“திறந்து விடேன். ஒரு சுத்துதான்” என்றாள் சடைச்சி.

“இனிமே திறந்தா இவ உயிரோட இருக்க மாட்டா.”

சடைச்சி பெண்ணின் நெற்றிப்பொட்டில் வாயை வைத்து ரத்தத்தைக் கூப்பிட்டாள். “மெதுவாப் போப்பா. கவட்டையில நூல் இல்லை.”

“மெதுவாப் போனா இவ கண்ணே திறக்க மாட்டா” என்றது ரத்தம்.

“ஒதுங்கியாவது போயேன்.”

“எந்தப் பக்கம் ஒதுங்குறது? ரெண்டு பக்கமும் போகணும். நடுவுல முட்டித்தான் பிரிய முடியுது.”

“உடைஞ்சிருமா?” என்றாள் பூவாயி.

ரத்தம் இன்னும் இரண்டு துடிப்புக்கு முட்டிப் பார்த்தது. பிறகு, “இப்போதைக்குத் தாங்குது. முட்டுற இடம் லேசா உப்புற மாதிரி இருக்கு. என்மேல வருத்தப்படாதீங்க” என்றது.

அந்த முதல் பெண்ணின் வயிற்றில் வந்தவர்கள் எல்லாரும் அவளைப் போலவே வந்தார்கள். மூளையில் குழாய் பிரிகிற கவட்டையில் சிலருக்கு மொட்டுப் போல ஒரு வீக்கம் எழுவது அன்று தொடங்கியதுதான். பலருக்கு அது இருப்பதே தெரியாமல் ஆயுள் முடிந்துவிடுகிறது. சிலருக்கு ஒரு நாள் உடைகிறது.

பெண் கண் திறந்தாள். சிலந்திகள் விலகி நின்றார்கள். அவள் எழுந்து உட்கார்ந்து, முகத்தில் விழுந்த முடியை இரண்டு கையாலும் கோதி, கொண்டை போட்டுக்கொண்டாள்.