நாலாவது முறை

சங்ககிரிப் பட்டறையில் நாச்சாயி ஃபிட்டர். குவாரி முதலாளி ரத்தினசபாபதியின் பிக்கப் வண்டிக்கு, ஷாக் அப்சர்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் மாட்டி, உயரத்தைக் கூட்டிக் குறைக்க மரை வளையமும் வைத்து, புது சஸ்பென்ஷனை அவளே செய்து பொருத்தினாள்.

மறுநாளே அவர் வந்து நின்றார். "மூக்கு தூக்கிட்டு நிக்குது." வளையத்தைத் திருகி இறக்கினாள். அடுத்த நாள், "படுத்துக்கிச்சு" என்றார். ஏற்றினாள். மூன்றாம் நாள், "பாதி மரை அதிகம். என் முதுகு பொய் சொல்லாது" என்றார். பாதி மரை இறக்கிக் கொடுத்தாள்.

நாலாம் நாள் தன் டிரைவர்கள் நாலு பேரோடு வந்தார். "இன்னைக்குச் சரியா வரலைன்னா, என் குவாரி வண்டி ஒண்ணுகூட இந்தப் பட்டறைக்கு வராது."

நாச்சாயிக்குத் தலை வலித்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். அரை மணி கழித்து வெளியே வந்து, "ஓட்டிப் பாருங்க" என்றாள்.

ஒரு சுற்றுப் போய் வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. "இதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன். டேய், கேட்டுக்குங்க, இதுக்கெல்லாம் அனுபவம் வேணும். எவ்வளவு திருப்புனே புள்ள?"

"திருப்பவே இல்லைங்க. வளையத்து மேல நேத்துப் படிஞ்ச புழுதி அப்படியே இருக்குது, குனிஞ்சு பாருங்க."

ஒரு டிரைவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"அப்புறம் அரை மணி நேரம் உள்ளே என்ன பண்ணுனே?"

"தூங்குனேங்க. மூணு நாளா உங்க முதுகு என்னைத் தூங்க விடலை."

டிரைவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ரத்தினசபாபதி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் வரவில்லை.