செம்புச் சத்தத்துக்குத் திரும்பின நாய்

ஒரு ஊர்ல, ஊருன்னுகூடச் சொல்ல முடியாது, அந்தியில ஆட்டை எங்க அடைக்கிறாங்களோ அதுக்குக் கிடைன்னு பேரு, அந்தக் கிடை எங்க இருக்கோ அதுதான் ஊரு, அப்படி ஒரு எடத்துல நல்லக்கான்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் போய்ச் சேந்துட்டான், பிள்ளை குட்டி இல்ல, நூறு ஆடும் செவலைன்னு ஒரு நாயுந்தான் அவளுக்கு எல்லாம். செவலை இருந்தவரைக்கும் ஓநாய் ஒரு ஆட்டைத் தொட்டதில்ல.

அந்தக் காலத்துல கிடைநாயை எப்படிப் பொறுக்குவாங்க தெரியுமா? நடக்க ஆரம்பிச்ச குட்டிகளை ஆட்டுக்கு நடுவுல விட்டுட்டு, பின்னால போயி ஒரு கூழாங்கல்லால செம்பைத் தட்டுவாங்க. டணங், டணங், டணங். எந்தக் குட்டி மொதல்ல திரும்புதோ அதுதான் காவலுக்கு. கருப்பா, செவப்பா, புள்ளியா, ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. செவலை அப்படித் திரும்பின நாய். அப்புறம் அவன் எங்க கெடந்தாலும் சரி, நல்லக்கா செம்பைத் தட்டினா ஒரே ஓட்டமா வந்து காலடியில நிப்பான்.

அப்ப அந்த நாட்டு ராசா வேட்டைக்கு அந்தப் பக்கம் வந்தான். வந்தவன் கிடையில ஒரு குட்டியைப் பாத்தான். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோசு நெறம். சொக்கிப் போயிட்டான்.

"இந்த நெறத்துல நாப்பது நாய் என் அரமனை வாசல்ல நிக்கணும்"னான்.

"சாமி, அது செம்புக்குத் திரும்பாத குட்டி. காது கேக்காது"ன்னா நல்லக்கா.

"காதை வச்சு நான் என்ன பண்ண? பாக்குறவன் கண்ணுக்குல்ல நாய் வளக்கப் போறேன்."

போனவன் சும்மா போனானா? தண்டோராப் போட்டான். இனி இந்தச் சீமையில வெள்ளை நாய்தான் இருக்கணும், வெள்ளையோட வெள்ளையைத்தான் சேக்கணும், மத்த நாயெல்லாம் நெறத்தைக் கெடுக்கும், அதனால கொன்னுடணும்னு. பாவி மகன், அந்த வாயில்லாத சீவன் அவனை என்ன பண்ணுச்சு?

ஆளுங்க கிடை கிடையா வந்தாங்க. செவலை சிக்கல. மொத நாள் கண்ணி வச்சாங்க, தாண்டிப் போயிட்டான். ரெண்டாம் நாள் கறியைக் காட்டினாங்க, மோந்துகூடப் பாக்கல. மூணாம் நாள் நல்லக்காகிட்ட வந்தாங்க.

"நீயே கூப்பிடு. இல்ல, நூறு ஆட்டையும் ஓட்டிக்கிட்டுப் போறோம்"னாங்க.

அவ நின்னா, நின்னா, பொழுது உச்சிக்கு ஏறுற வரைக்கும் நின்னா. அப்புறம் செம்பை எடுத்துத் தட்டினா. செவலை கரட்டு மேட்டுலருந்து வாலை ஆட்டிக்கிட்டே ஓடி வந்தான், வந்து எப்பவும் போல அவ காலடியில நின்னான். அங்கேயே அடிச்சுப் போட்டாங்க. மூஞ்சியைத் திருப்பாதடா தங்கம், கேட்டுத்தான் ஆகணும். அந்தக் கூழாங்கல்லை அவன் குழியிலயே போட்டு மூடினா நல்லக்கா.

அதுக்கு ஈடா ஒரு சோடி வெள்ளை நாயைக் குடுத்துட்டுப் போனாங்க. அதுங்க குட்டி போட்டப்ப பாதி செம்புக்குத் திரும்புச்சு. அந்தக் குட்டிங்க போட்ட குட்டியில ரெண்டே ரெண்டு திரும்புச்சு. அதுக்கடுத்து ஒண்ணுகூடத் திரும்பல. நாய் என்னமோ நல்ல நாய்தான், ஆட்டு மேல உசுரா இருக்கும், ஆனா முதுகுப் பக்கம் ஓநாய் வந்தா தெரியாது. மூக்கு இருக்கேன்னு கேக்குறியா? வாடை தெரியாதபடி காத்து அடிக்கிற தெசை பாத்துத்தானடா ஓநாய் வரும். நூறு ஆடு அறுபதாச்சு, அறுபது முப்பதாச்சு, கடைசியில எட்டு ஆடு மிஞ்சுச்சு.

ராசாவுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? நெனைச்ச மாதிரி நாப்பது வெள்ளை நாயும் சேந்துருச்சு. ஒரு நாள் காட்டுக்கு வந்தவன், ஆளுங்களைத் தண்ணிக்கு அனுப்பிட்டு, உச்சி வெயில்ல புளியமரத்தடியில படுத்தான். சுத்திலும் நாப்பது நாயும் அசந்து தூங்குது. மேக்கால ஒரு சிறுத்தை மெல்ல மெல்ல வந்து, நாய்க்கு நடுவுல நடந்து, அவன் பக்கத்துல வந்து நின்னுச்சு.

கண்ணு முழிச்ச ராசா நாய்களைக் கூப்பிட்டான். ஒரு நாயும் அசையல. கத்தினான். அசையல. தொண்டை கிழியக் கத்தினான். அசையல.

ஓடைக்கு அந்தக் கரையில எட்டு ஆட்டோட நின்ன நல்லக்காவுக்கு மட்டும் கேட்டுச்சு. கீழ கெடந்த கல்லை எடுத்து அவளும் செம்பைத் தட்டினா. பொய் சொல்லக் கூடாது, தட்டத்தான் செஞ்சா. கேக்குறதுக்கு யார் இருக்கா? சிறுத்தை கழுத்தைக் கவ்வி இழுத்துக்கிட்டுப் போனப்பவும் அந்த நாப்பதும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

ராணி அவளைக் கூப்பிட்டு விசாரிச்சா. "உனக்குக் கேட்டுச்சாமே. ஏன் ஒதவிக்கு நாயை ஏவல?"

"கேட்டுச்சு தாயி. கேட்ட ஒடனே ஓடி வர்ற நாய் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. உங்க ஆளுங்க சொன்னாங்கன்னு நாந்தான் அதைக் கூப்பிட்டுக் குடுத்தேன்"னா நல்லக்கா.

ராணி அந்தத் தண்டோராவை நிறுத்தச் சொன்னா. நல்லக்கா மலைக்கு அந்தப்பக்கம் போயி, ஒரு கெழவன் நெல்லுக் குதிருக்குள்ள ஒளிச்சு வளத்த புள்ளி நாய்க்குட்டி ஒண்ணை, அவன் காலைப் புடிச்சுக் கெஞ்சி வாங்கிட்டு வந்தா. இன்னைக்கு இருக்கிற கிடைநாயெல்லாம் அந்தப் புள்ளி வம்சம். ஆனா அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அவ செம்பைத் தட்டவே இல்ல, வாயாலதான் கூப்பிட்டா. குட்டி வாங்க வர்றவன் மட்டும் இன்னமும் வெள்ளைக்குட்டி இருக்கான்னுதான் கேக்குறான்.

கூப்பிட்டா வர்றதைக் கொன்னுட்டு அப்புறம் கத்தி என்ன புண்ணியம்? ஆடு அடைஞ்சாச்சு, படலைச் சாத்தியாச்சு, கதையும் உள்ள போயி படுத்தாச்சு. கண்ணை மூடுங்க.