ஒரு சாண் ஜன்னல்

திண்டுக்கல் பைபாஸை ஒட்டிய ஒரு சிறிய ஆசிரமத்தில் ஒரு சாமியார் இருந்தார். வயது நாற்பத்தொன்று. துறவுக்கு முன்னால் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். எல்லாவற்றையும் விட்டவருக்கு ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை. பக்தர்கள் வாசலில் நின்றால், "உள்ளே போங்க, உள்ளே போங்க, இடம் நிறையக் கிடக்கு" என்பார். கூடம் பிதுங்கி வழிந்தாலும் அதையேதான் சொல்வார். இடமில்லை என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவருடைய சீடர்களில் ஒருவர் தணிகாசலம். வயது ஐம்பத்தாறு. ஓர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் தலைமை எழுத்தராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். சிறு கடைக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவது, விண்ணப்பம் நிரப்புவது, காகிதங்களைக் கோப்பில் அடுக்குவது போன்ற வேலைகளைச் செய்து கொடுக்க ஒரு சேவை மையம் திறந்திருந்தார். திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சாமியார் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சாமி, முதல் வாடிக்கையாளர் எப்போ வருவார்?"

"என்ன அவசரம் சார்?" சாமியார் எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிடுவார்.

"நாளையோட கெடு முடியுது. ஒருத்தரும் வரலேன்னா திங்கட்கிழமையிலிருந்து மச்சினன் பெயிண்ட் கடையில போய் உட்காரணும். வீட்ல பேசி முடிச்சிட்டாங்க. 'மச்சான், அந்த டப்பாவை எடுங்க'ன்னு அவன் சொல்றது எனக்கு இப்பவே காதுல விழுது."

"நாலு பேருக்குத் தெரியப்படுத்தினீங்களா?"

"நூத்திப் பன்னிரண்டு கடைக்குக் கடிதம் அனுப்பினேன் சாமி. பொருள், பார்வை எல்லாம் போட்டு."

"பதில்?"

"தபால் வரவுப் பதிவேட்டில ஒரு வரிகூட ஏறலை."

"மூணு மாசத்துல யாருமே படியேறலையா?"

"ஆளுங்க வந்தாங்க. வாடிக்கையாளர் வரலை."

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு வந்தாங்க?"

"எதிர்க்கடை எலக்ட்ரிஷியன் காசிமாயன். லைசென்ஸ் புதுப்பிக்கணுமாம். பழைய லைசென்ஸ் நகல் ஒரு உரச்சாக்குக் காகிதத்துக்குள்ள எங்கேயோ கிடக்காம். தேடிக் கொடுங்கன்னார்."

"தேடினீங்களா?"

"ஒவ்வொரு காகிதத்துக்கும் வரிசை எண் போட்டு, பட்டியல் இணைச்சு எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன்."

"வந்தாரா?"

"முறை தெரியாத ஆளு சாமி."

"வேற?"

"தையல்கடை ஆக்னஸ் அம்மா. ஒண்ணு பத்துக்கு வந்தாங்க."

"என்ன ஆச்சு?"

"உணவு இடைவேளை."

சாமியார் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இருமல் என்று தணிகாசலம் நினைத்தார்.

"நாளைக்கு உங்க இடத்தைப் பார்க்கிறேன் சார்."

சனிக்கிழமை காலை சாமியார் வந்தார்.

சேவை மையத்தின் முகப்பு முழுவதும் பிளைவுட்டால் அடைக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு சாண் ஜன்னல், அதை மூட ஒரு சின்னப் பலகை. ஜன்னல் இடுப்பு உயரத்தில் இருந்தது. பேச வேண்டுமென்றால் குனிய வேண்டும். ஓரத்தில் ஒரு கதவு. அதில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி. இன்னும் பத்துப் பேர் நிற்கலாம்.

"இந்த ஜன்னல் எதுக்கு சார்?"

"எங்க ஆபீஸ்ல இருந்தது சாமி. அதே ஆசாரியைத் தேடிப் பிடிச்சுச் செஞ்சேன். அளவுகூட மாறலை."

சாமியார் உள்ளே போனார். கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்போ கேளுங்க சார்."

தணிகாசலம் குனிந்தார். "சாமி, முதல் வாடிக்கையாளர்..."

"எழுதிட்டு வந்தீங்களா?"

"எதை?"

"கேள்வியை. மூணு நகல்."

"சாமி, நான் தணிகாசலம்."

"இருக்கலாம். சான்று இருக்கா?"

தணிகாசலம் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மறுபடி குனிந்தார். வெளியே நிற்பவனுக்கு உள்ளே இருப்பவரின் முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும் என்பதை இருபத்தெட்டு வருடத்தில் அவர் அறிந்திருக்கவில்லை. அந்தக் கை இப்போது பலகையை இழுத்து ஜன்னலை மூடியது.

"தேநீர் இடைவேளை" என்றது குரல்.

எதிர்க்கடையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த காசிமாயன் சாலையைக் கடந்து வந்தார்.

"என்ன சார், நீங்களே வெளியே நிக்கிறீங்க? உள்ளே யாரு?"

"என் குரு."

"என்ன சொல்றாரு?"

"டீ குடிக்கிறாராம்."

காசிமாயன் விழுந்து விழுந்து சிரித்தார். தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எனக்கும் திங்கட்கிழமைதான் சார் கடைசி நாள். அந்த நகல் இல்லேன்னா லைசென்ஸ் போச்சு. நீங்க சொன்னபடி நம்பர் போட உட்கார்ந்தேன். ஏழாவது காகிதத்துலயே தூங்கிட்டேன்."

தணிகாசலம் எதிர்க்கடைக்குப் போனார். உரச்சாக்கை முதுகில் தூக்கிக்கொண்டு வந்து, தன் கடைப் படியில் கவிழ்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்தார்.

கல்யாணப் பத்திரிகைகள், மிக்ஸிக்கான வாரண்டி அட்டை, யாருடையதோ ஜாதகம், வயர் வாங்கிய ரசீதுகள். அவருடைய கை பார்த்துப் பார்த்துப் பிரித்தது. கால் மணி நேரத்தில் படி மேல் நான்கு அடுக்குகள் எழுந்தன. லைசென்ஸ் நகல் ஒரு காதுகுத்து அழைப்பிதழுக்குள் நான்காக மடிந்து கிடந்தது.

காசிமாயன் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"சார், இனிமே என் காகிதத்தையெல்லாம் நீங்கதான் பார்த்துக்கணும். மாசாமாசம். ஆக்னஸ் அக்காகிட்டயும் சொல்றேன். அது மறுபடி வரலாம்னுதான் இருந்துச்சு. ஜன்னலைப் பார்த்தா ஏதோ தப்பு பண்ணிட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்குன்னுச்சு."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு போய் ஜன்னலைத் தட்டினார். பலகை இரண்டு விரல் அளவு திறந்தது.

"சாமி, முதல் வாடிக்கையாளர் வந்துட்டார். பதிவேட்டில ஏத்தணும். உள்ளே கூட்டிட்டு வரட்டுமா?"

உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு சாமியார். மற்றபடி அறை காலியாகக் கிடந்தது.

"உள்ளே இடமில்லை சார்."