மேட்ச் நின்றதும் வந்தவர்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில், முதலாளி வெளிநாட்டுக்காரரோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் படம் உறைந்து நின்றது. பழி மொத்தமும் ரவுட்டரைப் பார்த்துக்கொள்ளும் பூங்கோதை தலையில் விழுந்தது.

"எவனோ ஆபீஸ் நெட்டுல கிரிக்கெட் பாக்குறான். சாயங்காலத்துக்குள்ள ஆளைப் பிடிக்கோணும். ஆனா ஒருத்தர் கம்ப்யூட்டரையும் தொடக்கூடாது, மரியாதைக் குறைச்சல். முடியலைன்னா நாளைக்கு வராதே," என்றார் மேனேஜர் நஞ்சப்பன். யாருடைய மரியாதை என்று யாரும் கேட்கவில்லை.

"சரிங்க சார்," என்றாள் பூங்கோதை.

மத்தியானம் மேட்ச் சூடு பிடித்த நேரத்தில் ஆபீஸ் ஆட்கள் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் ஹாலுக்கு முதலாளியை அழைத்து வந்தாள். மேட்ச் காட்டும் இணையதளங்களை மட்டும் ரவுட்டரில் அடைத்தாள். ஹாலில் ஒருவரும் தலை நிமிரவில்லை. வேலை அது பாட்டுக்கு நடந்தது.

மேனேஜர் அறைக் கதவு படாரென்று திறந்தது. "ஏம்மா, நெட்டு நின்னு போச்சு. என்னத்தைப் பண்ணித் தொலைச்சே?"

"நெட்டு ஓடுதுங்க சார். மேட்ச்சை மட்டும்தான் அடைச்சேன், எல்லா ரூமுக்கும். கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தானுங்க."

அப்போதுதான் நஞ்சப்பன் முதலாளியைக் கவனித்தார்.

முதலாளி நிதானமாகக் கேட்டார்: "ஸ்கோர் என்னங்க, நஞ்சப்பன்?"