வலது தடத்தில் மடத்து வேன்

மங்களநாயகி அம்மாவின் மடத்துக்கு உளுந்தூர்பேட்டையில் ஒரு கிளை தயாராகிவிட்டது. அதை யார் பொறுப்பில் விடுவது என்று அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை. மூத்த சீடர் சபாநாயகத்துக்குத் தூக்கமே போய்விட்டது. அம்மாவைவிட வயதில் பெரியவர். மடத்து வேனை ஓட்டுவதும் அவர்தான், பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பதும் அவர்தான். வேறு யாராவது அதில் விரல் வைத்ததாக மடத்தில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

திறப்பு விழாவுக்கு இருவரும் புறப்பட்டார்கள். ஆர்மோனியமும் பின் சீட்டில் ஏறிக்கொண்டது.

நாலுவழிச் சாலையில் ஒரு கரும்பு டிராக்டர் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. சபாநாயகம் வலது தடத்துக்கு மாறி அதை அழகாக முந்தினார். முந்தியவர் அங்கேயே தங்கிவிட்டார். அறுபதுக்கு மேல் போகக் கூடாது என்பது மடத்து விதி. அதையும் அவர் மீறவில்லை. தன்மேல் ஒரு குறையும் இல்லை என்ற தெம்பில், மனதில் கிடந்ததைக் கேட்டார்.

“அம்மா, கிளை மடத்தைப் பாத்துக்க எனக்குத் தகுதி இருக்கா?”

பின்னால் ஹாரன் அலறியது.

“யாரோ கூப்பிடறாங்களே,” என்றார் அம்மா.

“அவசரக்காரங்கம்மா. கொஞ்சம் பொறுமை கத்துக்கட்டும்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க எதுக்கு வலது பக்கம் வந்தீங்க?”

“டிராக்டரை முந்தறதுக்கு.”

“டிராக்டர் எங்க?”

சபாநாயகம் கண்ணாடியைப் பார்த்தார். டிராக்டர் கண்ணுக்கே எட்டவில்லை. இடது தடம் காலியாகக் கிடந்தது. வேனை ஒட்டி ஒரு பஸ், அதன் பின்னால் பூச்சரம் கட்டிய கார். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் தவறிவிடுமோ என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

சபாநாயகம் சிக்னல் போட்டு இடது தடத்துக்கு வந்தார். பஸ் போயிற்று. காரிலிருந்து மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். சபாநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளையின் முகத்தை நினைத்தால் சிரிப்பும் வந்தது.

கொஞ்ச தூரம் இடது தடத்திலேயே ஓட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்.

“அப்போ கிளை மடம் எனக்கில்லையாம்மா?”

“உங்களுக்குத்தான்,” என்றார் அம்மா. “நான் திரும்பிப் போறப்போ ஆர்மோனியம் என்கூட வரட்டும். அதுக்குப் பின்னால எத்தனை பேர் காத்திருக்காங்களோ.”