பன்றியைக் கண்டும் பேசாத முயல்

ஆற்றோரக் காட்டில் நெடுஞ்செவி என்றொரு முயலும் மூவரி என்றோர் அணிலும் இருந்தன. இரண்டும் ஆந்தையாரின் கல்விக்கூடத்தில் நிதி மேலாண்மை படித்துப் பட்டம் வாங்கியவை. வகுப்பில் முயல்தான் முதல். அணில் நடுவில் எங்கோ இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு சேமிப்புக் குகை உண்டு. கோடையில் விலங்குகள் கிழங்கையும் கொட்டையையும் அங்கே போட்டு வைக்கும். முடை வந்தால் கடன் வாங்கும். மழை பிடித்ததும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கரடியார்தான் அதற்கு மேலாளர். முயலும் அணிலும் அவரிடம் வேலை கேட்டுப் போயின.

"முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டார் கரடியார்.

முயலுக்கு எரிச்சல் வந்தது. போன இடமெல்லாம் இதே கேள்வி! "வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்!" என்றது.

கரடியார் சிரித்தார். "உங்கள் இருவருக்குமே அனுபவம் இல்லை. இப்போது இருப்பது ஒரே இடம். மூவரி, நீ நாளைக்கே வந்துவிடு. நெடுஞ்செவி, மழை தொடங்கும்போது இன்னோர் ஆள் தேவைப்படும். அப்போது உன்னைக் கூப்பிடுகிறேன்."

முயலின் வயிறு எரிந்தது. 'முதலாவதாக வந்த நான் வெளியே! நடுவில் வந்தது உள்ளே!' அன்று முதல் அதற்கு அருகம்புல்கூடக் கசந்தது.

"உள்ளே வந்து பாரேன், நெடுஞ்செவி!" என்று அணில் வாசலிலிருந்து ஆசையாகக் கூப்பிடும்.

"எனக்கு ஆயிரம் வேலை!" என்று முயல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

உண்மையில் அதற்கு இருந்தது ஒரே வேலைதான். குகைக்கு எதிரே புதரில் பதுங்கி, அணில் எப்போது சறுக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பது!

ஒருநாள் உடம்பெல்லாம் கருஞ்சேறு பூசிய காட்டுப்பன்றி ஒன்று வந்து கிழங்கைக் கடன் வாங்கிப் போனது. சில நாள் கழித்துச் செம்மண் பூசிய பன்றி வந்தது. "முன்னே வந்தவனின் சித்தப்பா மகன் நான்!" என்றது. பிறகு சாம்பல் பூசிய பன்றி வந்தது. "நான் அவனுடைய தாய்மாமன்!" என்றது. மூன்றுக்கும் இடது கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கணக்கு எழுதக் குனிந்த தலை நிமிராத அணில் அதைக் கவனிக்கவில்லை.

"ஒரே பன்றி! வசமாக மாட்டிக்கொண்டாய், மூவரி!" என்று முயல் புதருக்குள்ளேயே குதித்தது.

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தது. 'இப்போது சொன்னால் திருத்திக்கொள்ளும். எல்லோரும் கூடும்போது சொன்னால்தான் மானம் போகும்!'

பன்றி வந்துகொண்டே இருந்தது. முயலும் புதருக்குள் சிரித்துக்கொண்டே இருந்தது.

மழை வந்தது. விலங்குகள் குகைமுன் கூடின. உள்ளே கிழங்குக் குவியல் பாதிதான் இருந்தது. கடன் வாங்கிய பன்றியோ ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டது.

"என் குட்டிகளுக்கு எதைக் கொடுப்பேன்?" என்று முள்ளம்பன்றி அழுதது.

முயல் ஒரு பாறைமேல் தாவி ஏறி எல்லாவற்றையும் போட்டு உடைத்தது. அணில் முன்னே வந்தது. "தவறு என்னுடையதுதான். உடைந்த பல்லை நான் பார்க்கவில்லை" என்று சொல்லி, தன் பங்குக் கொட்டைகளை முள்ளம்பன்றியிடம் தள்ளியது.

"நீ எப்போது கண்டாய்?" என்று கரடியார் முயலைக் கேட்டார்.

"மாங்காய் பிஞ்சாக இருந்தபோதே!" என்றது முயல் பெருமையாக.

கரடியார் சொன்னார்: "அன்றே சொல்லியிருந்தால் அன்றே உன்னை உள்ளே உட்கார வைத்திருப்பேன். அனுபவம் இல்லாதவரை நான் பழக்கிக்கொள்வேன், நெடுஞ்செவி. ஊரார் பொருள் போவதைப் பார்த்துச் சிரித்தவரை நம்பி எப்படிக் குகையை விடுவேன்?"

அந்த இரண்டாவது வேலை, அப்போதுதான் படிப்பை முடித்திருந்த ஒரு கீரிக்குப் போனது. முயல் தன் பங்கில் பாதிக் கிழங்கை மட்டும் வாங்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி வளைக்குத் திரும்பியது.

பிறர் கெடட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பவன், தன்னைத் தேடி வரும் நல்வாழ்வையும் தானே கெடுத்துக்கொள்வான்.